மரத்துக்கும் மருந்து உண்டு!



நம்ம ஏற்காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிற மரம் எது? சொல்லுங்க பார்ப்போம். ஆமாம், சில்வர் ஓக்! காப்பிச் செடிக்கு நிழல், மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பு, வெட்டினால் பலகை. காற்றடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுவதால் இந்தப் பெயர். இது நம்ம ஊர் மரமே இல்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் பிறந்தது. தோட்டக்காரர்கள் கொண்டுவந்து நட்டு, இப்போது சேர்வராயன் மலைக்கே சொந்தக்காரன் மாதிரி நிற்கிறது.

இத்தனை உபகாரம் செய்யும் மரத்துக்கு ஒரே ஒரு குறை. வெட்டிய பிறகு தாங்காது. தாத்தா காலத்துத் தேக்குக் கதவு இன்றைக்கும் கிண்ணென்று நிற்கும். சில்வர் ஓக் கம்பை வேலிக்கு நட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் தரையோடு தரையாகப் பொசுக்கென்று ஒடிந்துவிடும். நாகலூர், செம்மநத்தம், வாழவந்திப் பக்கம் இருக்கிற நண்பர்களுக்கு இது நல்லாவே தெரியும். மாட்டுக்கொட்டகைக் கால், ஓட்டுக்கூரையின் ரீப்பர், வேலிக் கம்பு எல்லாம் பெரும்பாலும் இந்த மரம்தான். வேலி ஒடிந்த அன்றைக்கு ராத்திரியே காட்டெருமை உள்ளே வந்துவிடும். தேக்கு வாங்கு என்றால் எல்லாராலும் முடியுமா?

அதனால்தான் இந்தக் கட்டுரை. இளகின மரத்தை எப்படி நீண்ட நாள் உழைக்க வைப்பது? அதற்கு என்ன மருந்து? அந்த மருந்தால் நமக்கு ஏதாவது ஆபத்து உண்டா? பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். புத்தகப்படி மென்மரம் என்றால் ஊசியிலை மரங்கள். பைன், தேவதாரு, சைப்ரஸ் போன்றவை. அகன்ற இலை உள்ளவை எல்லாம் வன்மரம். அந்தக் கணக்குப்படி சில்வர் ஓக், இலவம், ரப்பர் எல்லாமே வன்மரம்தான்! கையால் அமுக்கினால் பள்ளம் விழுகிற பால்சா மரம்கூட வன்மரம்தான். என்ன வேடிக்கை பாருங்கள். ஆனால் செல்லுக்குத் தாவரவியல் தெரியாது. (செல்போன் இல்லீங்க, கறையான்!) இளகின மரம் எதுவானாலும் அது தின்னும். எதிரியும் ஒன்று, மருந்தும் ஏறக்குறைய ஒன்று என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தேக்கு ஏன் தாங்குகிறது, இது ஏன் தாங்குவதில்லை? எங்கள் தெரு ஆசாரித் தாத்தாவைக் கேட்டேன். "வைரம் பாயணும் கண்ணு. வைரம் பாயாத மரம் வெறும் சோறு" என்றார். அறிவியலும் இதையேதான் சொல்கிறது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் நடுவில் கருத்த பகுதியும், சுற்றி வெளிர்ப்பான பகுதியும் தெரியும் (இடது பக்கம் உள்ள படம் பார்க்க). வெளிர்ப் பகுதி உயிரோடு இருந்து நீரைக் கொண்டு போகிறது, உணவைச் சேர்த்து வைக்கிறது. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய. வயதான நடுப்பகுதி வேலையை நிறுத்திவிட்டு, எண்ணெய், பிசின், கசப்புப் பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதுதான் வைரம். மரம் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மருந்து என்று சொல்லலாம். தொல்காப்பியத்தின் மரபியலில், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், பனை, மூங்கில் போல வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் பிரித்திருக்கிறார்கள் என்று தமிழம்மா சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சில்வர் ஓக்கின் நடுப்பகுதியில் இந்த மருந்துச் சரக்கு குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

எதிரிகள் மூன்று பேர். செல்லைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மண்புற்று கட்டிக்கொண்டு வரும். இரண்டாவது உளுப்பு வண்டு. இது மரத்தில் உள்ள மாவுச்சத்துக்காக வருகிறது. கட்டிலுக்கு அடியில் பவுடர் மாதிரி மாவு கொட்டிக் கிடந்தால் இவர் வேலைதான். மூன்றாவது பூஞ்சணம், அதாவது பூஞ்சைக் காளான். இதுதான் மரத்தை இற்றுப்போக வைப்பது. நம்ம ஊர் பனிமூட்டமும் ஈரமும் இதற்குக் கொண்டாட்டம். ஆனால் பூஞ்சணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. காற்று இல்லாவிட்டாலும் முடியாது. கிணற்றுக்கு அடியில் போடும் நாவல் பலகை எப்போதும் தண்ணீரிலேயே கிடந்தும் கெடுவதில்லையே, அதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது யோசியுங்கள், வேலிக் கம்பு ஏன் சரியாகத் தரை மட்டத்தில் ஒடிகிறது? ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, வெயில் பட்டால் காய்ந்துவிடும். தரை மட்டத்தில்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது!

நம் முன்னோர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பின் அடியைத் தீயில் கருக்கி நட்டார்கள். மூங்கிலைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரைத்தார்கள். கடற்கரையில் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்கள். தார் அடிப்பதும், லாரிப் பட்டறையில் கிடைக்கும் கழிவு ஆயில் பூசுவதும் இன்றைக்கும் உண்டு. இதில் ஊறப்போடுவது உளுப்பு வண்டுக்கு நல்ல வைத்தியம். கருக்குவதும் ஆயில் பூசுவதும் மேல்பூச்சு மாதிரிதான். வெயிலில் மரம் வெடித்து ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்தச் சந்து வழியாக எதிரி உள்ளே போய்விடுவான். கழிவு ஆயில் மண்ணையும் கெடுக்கும், அதனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆக, மருந்து மேலே இருந்தால் போதாது, உள்ளே போக வேண்டும். இதைத்தான் ஐரோப்பாவில் 19-ம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார்கள். 1832-ல் கயான் என்பவர் சவ்வீரக் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சவ்வீரம் என்பது பாதரச உப்பு, கொடிய விஷம். 1838-ல் ஜான் பெத்தெல் என்பவர் இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றினார். ரயில் தண்டவாளத்தின் கீழே போடும் ஸ்லீப்பர் கட்டைக்கு இது ரொம்ப உதவியது. நம் நாட்டிலும் பஞ்சாபில் தில்வான் என்ற இடத்தில் 1920-களில் இதற்கென்றே ஆலை வைத்து, இமயமலைப் பைன் கட்டைகளுக்கு எண்ணெய் ஏற்றினார்கள். பழைய ஸ்லீப்பர் கட்டை எங்காவது பெஞ்சாகவோ கேட்டாகவோ கிடந்தால் முகர்ந்து பாருங்கள், தார் வாசனை இன்னும் போயிருக்காது. (ரொம்ப நேரம் முகர வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.)

ஒரு இந்தியரின் கண்டுபிடிப்பு

இப்போது சொல்லப்போவது நாம் எல்லாரும் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டேராடூனில் 1906-ல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். 1933-ல் அவர் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். அதற்கு 'ஆஸ்கு' என்று பெயர். ஆர்சனிக்கின் குறியீடு 'ஏ.எஸ்.', செம்பின் குறியீடு 'சி.யு.'. இரண்டையும் சேர்த்தால் பெயர் வந்துவிட்டது! 1938-ல் அமெரிக்காவிலும் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அங்கே பெல் தொலைபேசிக் கம்பெனி தன் மரக் கம்பங்களுக்கு இதைப் பயன்படுத்தியது. பிறகு உலகம் முழுக்க இதே வகை மருந்து 'சி.சி.ஏ.' என்ற பெயரில் பரவியது. நியூசிலாந்தின் பைன் மரங்கள், அமெரிக்காவின் பைன் மரங்கள் என்று கோடிக்கணக்கான கம்பங்களும் வேலிகளும் இந்த மருந்தால் நின்றன. கண்டுபிடித்தது நம்ம நாட்டில், ரொம்ப அனுபவித்தது வெளிநாட்டுக்காரர்கள்.

இதில் என்ன இருக்கிறது? மூன்று சரக்கு. நம் நாட்டின் தரக் குறியீடு ஐ.எஸ். 401 சொல்லும் கணக்குப்படி ஆர்சனிக் பென்டாக்சைடு 1 பங்கு, மயில்துத்தம் 3 பங்கு, சோடியம் அல்லது பொட்டாசியம் டைகுரோமேட் 4 பங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. மயில்துத்தத்தில் உள்ள செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும். ஆர்சனிக், அதாவது பாஷாணம், செல்லையும் வண்டையும் பார்த்துக்கொள்ளும். செம்புக்கு அசையாத சில பூஞ்சணங்களையும் அதுவே கவனிக்கும். சரி, குரோமியம் எதற்கு? இங்கேதான் காமேசத்தின் மூளை வேலை செய்திருக்கிறது.

துத்தத்தைத் தனியாகப் பயன்படுத்தலாம் என்று முன்பே தெரியும். ஆனால் மழை பெய்தால் கரைந்து ஓடிவிடும். இதே தொல்லை நம்ம காப்பித் தோட்டத்திலும் உண்டு. இலைத்துரு நோய்க்கு வெறும் துத்தத்தைத் தெளித்தால் இலை கருகும், மழையில் கழுவியும் போகும். அதனால்தான் சுண்ணாம்பு சேர்த்துப் போர்டோ கலவையாகத் தெளிக்கிறோம். சுண்ணாம்பு சேர்ந்ததும் செம்பு கரையாத பொருளாகி இலையில் ஒட்டிக்கொள்கிறது. இலைக்குச் சுண்ணாம்பு செய்யும் வேலையை மரத்துக்குள் குரோமியம் செய்கிறது. மரத்தில் உள்ள பொருள்களோடு வினைபுரிந்து, ஆறு இணைதிறன் உள்ள குரோமியம் மூன்று இணைதிறன் உள்ளதாக மாறுகிறது. அப்படி மாறும்போது செம்பையும் ஆர்சனிக்கையும் கரையாத பொருளாக்கி மரத்தோடு கட்டிப்போட்டுவிடுகிறது. இதற்குச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். குளிரில் இன்னும் மெதுவாக நடக்கும். ஆகவே மருந்து ஏற்றிய மரத்தை, அதுவும் மார்கழிக் குளிரில், உடனே மழையில் போடக் கூடாது.

மருந்தை ஏற்றும் முறையையும் சொல்ல வேண்டும். பெரிய இரும்பு உருளை, ஒரு லாரி நீளம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மரத்தை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டி, முதலில் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். மரத்தின் நுண்குழாய்களில் இருக்கும் காற்றும் வெளியேறிவிடுகிறது. அதே வெற்றிடத்தில் மருந்துக் கரைசலை விட்டு, பிறகு பலமாக அழுத்தம் கொடுக்கிறார்கள். காலியான குழாய்களுக்குள் மருந்து பாய்கிறது. நெல்லி ஊறுகாய்க்கு ஊசியால் குத்திவிட்டு உப்பில் போடுவோமே, அதுபோல மருந்து இறங்காத பிடிவாதக்கார மரங்களுக்கு மேலே வரிசையாகச் சின்னக் கீறல் போட்டுவிட்டும் ஏற்றுவது உண்டு. தூரிகையால் பூசினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். அழுத்தத்தில் வெளிர்ப் பகுதி முழுவதும் ஊறிவிடும்.

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்?

இவ்வளவு நல்ல மருந்தை அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு முடிவோடு வீடுகளுக்கான புது மரத்தில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவிலும் 2004-ல் கட்டுப்பாடு வந்தது. காரணம் ஆர்சனிக். கட்டிப்போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் கசிகிறது. குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல், சறுக்குமரம் இவற்றைத் தொட்ட கையை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்ற பயம் வந்தது. கிரியோசோட்டும் புற்றுநோய் தரக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் முகர வேண்டாம் என்றேன்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நம்ம ஊர் குளிரில் வெந்நீர் அடுப்பு எரியாத வீடு உண்டா? கையில் கிடைக்கிற கட்டையை எல்லாம் அடுப்பில் வைப்போம். மருந்து ஏற்றிய மரத்தை எரித்தால், மரத்தோடு கட்டிப்போட்ட ஆர்சனிக் அவிழ்ந்துவிடும். கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலை நாம் என்ன செய்கிறோம்? பாத்திரம் விளக்குகிறோம்! கீரைப் பாத்திக்குத் தூவுகிறோம்! புதுசாக இருக்கும்போது இந்த மரம் லேசான பச்சை நிறத்தில் இருக்கும், கண்டுபிடிக்கலாம். பல வருஷம் வெயில் மழையில் கிடந்தால் சாதாரண மரம் மாதிரி சாம்பல் நிறமாகிவிடும். அதனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய கம்பம், ஸ்லீப்பர் கட்டை, பச்சை பூத்த பலகை, பெயிண்ட் அடித்த மரம் இவற்றை அடுப்பிலும் போடாதீர்கள், கேம்ப் ஃபயரிலும் போடாதீர்கள். அம்மா அப்பாவிடமும் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து மெஷின் வரும் பைன் மரப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அசல் மென்மரம் நம்ம மலைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். அதன் மேல் கோதுமைக் கதிர் போன்ற படத்தோடு முத்திரை குத்தியிருக்கும். நாடு விட்டு நாடு பூச்சி பரவாமல் இருக்க 2002-ல் கொண்டுவந்த உலக விதி அது. 'எச்.டி.' என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் சூடாக்கியது. மருந்து கிடையாது. 'எம்.பி.' என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. இரண்டுமே உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்லுமே தவிர, நாளைக்கு வருகிற செல்லைத் தடுக்காது. முத்திரை இருக்கிறது, மருந்து ஏற்றிய பலகை என்று நம்பி ஷெல்ஃப் அடித்தால் ஏமாற வேண்டியதுதான்.

நமக்கு ஏற்ற மருந்து

கேரம் போர்டுக்குப் பவுடர் போடுகிறோமே, அது பெரும்பாலும் போரிக் அமிலம். தங்க ஆசாரி நகை பற்றவைக்கும்போது தூவும் வெங்காரம், போராக்ஸ். இந்த இரண்டும் சேர்ந்தால் அருமையான மர மருந்து! கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் ரப்பர் மரத்துக்கு இதைத்தான் ஏற்றுகிறார்கள். ரப்பர் மரம் அறுத்த சில நாளிலேயே கறுத்து, வண்டு விழுந்துவிடும். ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போனது. இப்போது அதில் மேஜை நாற்காலி செய்து ஏற்றுமதியே செய்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, இது பச்சை மரத்தில்தான் நன்றாக ஊறும். அழுத்தம் கொடுக்கும் முறைக்கு மரம் காய்ந்திருக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, அறுத்த உடனே ஈரத்தோடு முக்க வேண்டும். மாங்காய்க்குள் உப்பு எப்படி இறங்குகிறது? உள்ளே சாறு இருப்பதால்தானே! வற்றலுக்குள் இறங்குமா? ஏழாம் வகுப்பிலேயே படித்த விரவல்தான் இது. முக்கியபின் பாலிதீன் போட்டு மூடி, ஈரம் காயாமல் சில வாரம் அடுக்கி வைத்தால் மருந்து நடு வரைக்கும் போகும். கணக்கு சுலபம். 100 லிட்டர் தண்ணீரில் 5 சதவீதக் கரைசல் என்றால் மொத்தம் 5 கிலோ. வெங்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் கரையும். பலகை கனமாக இருந்தால் கரைசல் இன்னும் அடர்த்தியாக வேண்டும். கையுறை போட்டு, பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். மிச்சக் கரைசலை ஓடையிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. விஷம் குறைவு என்றாலும் குடிக்கிற பொருள் இல்லை.

இரண்டாவது, போரான் மரத்தோடு கட்டுப்படாது. மழை பட்டால் வந்த வழியே வெளியே போய்விடும். ஆகவே ரீப்பர், ஜன்னல் சட்டம், கட்டில், அலமாரிக்குச் சரி. வேலிக் கம்புக்குச் சரிப்படாது. வேலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், என் அபிப்பிராயம் கல்லுக்கால்தான். சேலம் ஜில்லாவில் கல்லுக்குப் பஞ்சமா என்ன? கொட்டகைக் காலை மண்ணில் புதைக்காமல் ஒரு அடி உயரக் கல்லின் மேல் நிறுத்தி, உச்சியில் தகரத் தொப்பி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு மருந்துச் செலவே இல்லை.

மரம் இரண்டு மடங்கு காலம் உழைத்தால், வெட்ட வேண்டிய மரம் பாதியாகும். 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு மரம் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க டேராடூனில் இரண்டடி நீளக் கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்து வைப்பார்கள். அதற்குக் 'கல்லறைச் சோதனை' என்று பெயர்! 10 வருஷத்துக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 5 முதல் 10 வருஷம் என்றால் இரண்டாம் வகுப்பு. அதற்கும் கீழே என்றால் மூன்றாம் வகுப்பு. நம் அறிவியல் மன்றத்திலும் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஐந்து கட்டை நட்டிருக்கிறோம். 1. சும்மா சில்வர் ஓக். 2. அடி கருக்கியது. 3. தார் பூசியது. 4. வெங்காரக் கரைசலில் ஊறியது. 5. தேக்கு வைரம். ஒவ்வொரு தலையிலும் நம்பர் எழுதியிருக்கிறது. மாதம் ஒரு தடவை கத்தி முனையால் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். நான்காம் நம்பர், மழை முடிவதற்குள் முதலாம் நம்பர் மாதிரி ஆகிவிடும் என்பது என் கணிப்பு. வேறு மாதிரி நினைப்பவர்கள் கீழே ஒட்டியிருக்கும் தாளில் பெயரோடு எழுதலாம். கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து அவற்றைப் பிடுங்கிவிடாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல் மன்றம்